வெள்ளிக் காசின் வரலாறும் அதன் மதிப்பும்



கடைக்குச் சென்று ஒரு பொருளின் விலையைக் கேட்டால், “ஐந்து வெள்ளி” என்று கடைக்காரர் கூறுகிறார். நாம் அவரிடம் கொடுப்பதோ தாள். அவர் மீதம் தருவனவோ வெண்ணிறமும் மஞ்சள் நிறமும் கொண்ட சில்லறைக் காசுகள். அவற்றுள் வெள்ளி என்னும் உலோகம் மருந்துக்கும் இல்லை. நம் நாட்டுப் பணத்தின் அதிகாரப் பெயர் 1975ஆம் ஆண்டு முதல் ‘ரிங்கிட்’ என்று வழங்கி வருகிறது. ஆயினும் மலேசியத் தமிழர் நாவில் ‘வெள்ளி’ என்னும் சொல்லே நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்க்கு வெள்ளி என்பது ஓர் உலோகம், ஒரு கிழமை, விடியற்காலையில் தோன்றும் ஒரு கோள். நமக்கோ அது பணமும் ஆகும்.

இப்பெயர் வீணே தோன்றியதன்று. நம் முன்னோர் பால்மரக் காடுகளில் உழைக்க இந்நாட்டிற்கு வந்த காலத்தில், பணம் என்பது உண்மையாகவே வெள்ளியால் ஆன வட்டத் தகடாக இருந்தது. அந்த நாணயங்களுள் சில இன்றும் நம் இல்லங்களில், பாட்டிமார்களின் தகரப் பெட்டிகளிலும் பூசையறை உண்டியல்களிலும் உறங்கிக் கொண்டிருக்கின்றன. அவற்றின் வரலாறு யாது, அவற்றின் மேல் உள்ள உருவங்கள் எவை, அவற்றிற்கு இன்றுள்ள மதிப்பு எத்தகையது என்பனவற்றை அறிந்தால், அவற்றை அற்ப விலைக்கு இழக்கமாட்டோம். அது கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பல நாட்டு நாணயங்கள் புழங்கிய காலம்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஆட்சிப் பகுதியை ஆங்கிலேயர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்று அழைத்தனர். தமிழில் நீரிணைக் குடியேற்றங்கள் என்போம். 1867ஆம் ஆண்டு வரை இவை இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டன. ஆதலால் அரசாங்கக் கணக்குகள் இந்திய ரூபாயில் எழுதப்பட்டன. ஆனால் சந்தையில் வணிகர்கள் ரூபாயை விரும்பவில்லை. அவர்கள் கேட்டது ஸ்பானிய நாட்டின் பெரிய வெள்ளி நாணயத்தை. மெக்சிகோவில் அச்சிடப்பட்ட அந்த நாணயம், கப்பல் வழியாக மணிலாவை அடைந்து, அங்கிருந்து கீழை நாடுகள் எங்கும் பரவியது. கள்வர்கள் ஓரத்தைச் சீவி வெள்ளியைத் திருடாதிருக்க அதன் விளிம்பில் வரிவரியாகப் பற்கள் செதுக்கப்பட்டிருந்தன. மலாய் மொழியில் ‘ரிங்கிட்’ என்றால் பற்கள் போன்ற விளிம்புடையது என்று பொருள். இன்று நம் தாள் பணத்திற்கு வழங்கும் பெயர் அந்த விளிம்பிலிருந்து பிறந்ததே.

அந்த ஸ்பானிய நாணயம் ஒன்றில் இரண்டு தூண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மலாய் மக்களின் கண்ணுக்கு அவை பீரங்கிகளாகத் தோன்றின. ஆகவே அதனைப் ‘பீரங்கி ரிங்கிட்’ என்னும் பொருளில் ‘ரிங்கிட் மெரியாம்’ என்றனர். மெக்சிகோ 1821இல் விடுதலை பெற்ற பின்னர், பாம்பைக் கவ்விய கழுகின் உருவம் தாங்கிய நாணயம் அதன் இடத்தைப் பிடித்தது. ஜப்பானிய யென் நாணயமும் இங்குப் புழங்கியது. ஒரு பெட்டிக்கடைக்காரரின் கல்லாவில் மூன்று நாடுகளின் வெள்ளி ஒன்றாகக் கிடந்த காலம் அது.

காசு என்னும் நம் தமிழ்ச் சொல்லும் இந்தப் பயணத்தில் கலந்துகொண்டது. கீழை நாடுகளின் சிறு நாணயங்களை ஐரோப்பியர் ‘கேஷ்’ என்று அழைத்தனர். அச்சொல் போர்த்துகீசியர் வாயிலாகத் தமிழின் ‘காசு’ என்னும் சொல்லிலிருந்து சென்றதென்று மொழியறிஞர் கூறுவர்.

பம்பாயில் பிறந்த ‘பிரிட்டானியா’ வெள்ளி

ஜப்பான் 1897இல் தங்க நாணய முறைக்கு மாறியது. மெக்சிகோ நாணயமும் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. இத்தகைய தட்டுப்பாட்டை எதிர்நோக்கியே ஆங்கிலேய அரசாங்கம் கீழை நாட்டு வணிகத்திற்கென்று 1895ஆம் ஆண்டு தனியாக ஒரு வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அது பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா ஆகிய நாணயச் சாலைகளில் அச்சிடப்பட்டது. அதன் எடை 26.95 கிராம். அதில் 100க்கு 90 பங்கு தூய வெள்ளி. எஞ்சிய 10 பங்கு செம்பு. தூய வெள்ளி மெதுவானது. செம்பு சேர்ந்தால்தான் தேய்மானத்தைத் தாங்கும்.

அதன் வடிவமைப்பாளர் இலண்டன் அரசு நாணயச் சாலையின் செதுக்குநர் ஜார்ஜ் வில்லியம் டி சோல்ஸ் என்பவர். ஒரு பக்கத்தில் ‘பிரிட்டானியா’ என்னும் மங்கை கடற்கரையில் நிற்கிறாள். ஒரு கையில் சூலம். மறு கையில் கேடயம். பின்னால் பாய்மரக் கப்பல். மறுபக்கத்தில் நுணுக்கமான அலங்கார வேலைப்பாட்டின் நடுவே நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீனச் சின்னம் உள்ளது. அதனைச் சூழச் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் ‘ஒரு வெள்ளி’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. வழக்கமாக ஆங்கிலேய நாணயங்களில் அரசரின் தலை இருக்கும். இதில் அது இல்லை. வாங்குவோரும் விற்போரும் சீனரும் மலாய்க்காரருமாக இருந்தமையால், அவர்கள் படித்தறியும் எழுத்தே முதன்மை பெற்றது. தமிழ் எழுத்து அதில் இடம்பெறவில்லை. ஆயினும் அதற்குத் தமிழர் தம் மொழியிலேயே பெயர் சூட்டிக் கொண்டனர். அந்தப் பெயர் நாணயம் மறைந்த பின்னும் மறையவில்லை.

மாணவர்களே! பூதக் கண்ணாடி கொண்டு நோக்கினால் பம்பாயில் அச்சிட்ட நாணயத்தில், சூலத்தின் நடு முனையில் ‘பி’ என்னும் சிறிய ஆங்கில எழுத்தைக் காணலாம். கல்கத்தா நாணயத்தில் ‘சி’ என்னும் எழுத்து மங்கையின் காலடியை ஒட்டித் தரையில் இருக்கும். இவ்வெழுத்துகளை நாணயச் சாலைக் குறி என்பர்.

1903: நமக்கென்று ஒரு நாணயம்

அக்காலத்தில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஆண்டுதோறும் சரிந்து கொண்டே வந்தது. 1870களின் தொடக்கத்தில் 4 ஷில்லிங்கிற்கு மேல் மதிப்புப் பெற்றிருந்த ஒரு வெள்ளி, 1902இல் 2 ஷில்லிங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது. வெள்ளி விலை இறங்கினால் யாருக்கு என்ன என்று எண்ண வேண்டா. அது தோட்டத் தொழிலாளியின் கைப்பணத்தைத் தொட்டது. அக்காலத்தில் இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ் என்று நிலையாக நிறுத்தப்பட்டிருந்தது. இங்கு ஒரு வெள்ளி 20 பென்ஸாக இறங்கினால், ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பும் ஒரு வெள்ளிக்கு அங்கே 1 ரூபாய் 4 அணாதான் கிடைக்கும். உழைப்பு அதேதான், வேர்வை அதேதான், ஊர் போய்ச் சேர்ந்த பணம் மட்டும் குறைந்தது.

இந்த நிலையற்ற தன்மையை நீக்க, சர் டேவிட் பார்பர் தலைமையில் அமைந்த குழு 1903இல் தன் பரிந்துரைகளை அளித்தது. அதன்படி நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே தனி வெள்ளி நாணயம் அச்சிடப்பட்டது. இதுவும் பம்பாயில்தான் உருவாகியது. பழைய மெக்சிகோ வெள்ளிகளையும் பிரிட்டானியா வெள்ளிகளையும் திரட்டிக் கப்பலேற்றிப் பம்பாய்க்கு அனுப்பி, அங்கே உருக்கி, புதிய வெள்ளிகளாக அச்சிட்டுத் திருப்பிக் கொணர்ந்தனர். 1903ஆம் ஆண்டிட்ட நாணயங்கள் ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம். 1904ஆம் ஆண்டிட்டவை ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சம். 1904ஆம் ஆண்டிற்குள் பழைய அயல்நாட்டு வெள்ளிகள் செல்லாதனவாக்கப்பட்டன. சிலாங்கூர் முதலிய ஐக்கிய மலாய் மாநிலங்களிலும் இந்தப் புதிய வெள்ளியே புழங்கியது. கிள்ளான் கடைத்தெருவிலும் தோட்டத்துச் சம்பள மேசையிலும் நம் முன்னோர் எண்ணி வாங்கிய வெள்ளி இதுவே.

இதன் முகப்பில் முடி சூடிய ஏழாம் எட்வர்ட் அரசரின் உருவம் வலப்புறம் நோக்கியுள்ளது. இவ்வுருவத்தைச் செதுக்கியவரும் அதே டி சோல்ஸ்தான். அவர் 1903ஆம் ஆண்டிலேயே காலமானார். மறுபக்கத்தில் பிரிட்டானியா வெள்ளியின் அலங்காரத்தை ஒத்த வேலைப்பாடும், சீன, ஜாவி எழுத்துகளும், சுற்றிலும் ஆங்கிலத்தில் நாட்டின் பெயரும் மதிப்பும் ஆண்டும் உள்ளன. பழகிய அலங்காரத்தை விடாமல் வைத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. நாணயத்தின் வடிவம் திடீரென்று மாறினால், எழுதப்படிக்கத் தெரியாத மக்கள் ஐயங்கொள்வர். கண்ணுக்குப் பழகிய கோலமே கைக்கு நம்பிக்கை தரும்.

1906ஆம் ஆண்டு சனவரியில் ஒரு வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று உறுதி செய்யப்பட்டது. 60 வெள்ளிக்கு 7 பவுன் என்பது கணக்கு. அன்று முதல் ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா என்றாயிற்று.

இளைத்துப் போன வெள்ளி

மதிப்பை உறுதி செய்த வேளையில் வெள்ளியின் விலை மீண்டும் ஏறத் தொடங்கியது. நாணயத்தில் உள்ள உலோகத்தின் விலை, நாணயத்தின் மதிப்பாகிய 28 பென்ஸை நெருங்கியது. இன்னும் சற்று ஏறினால் என்ன நேரும்? மக்கள் நாணயத்தைச் செலவு செய்வதைவிட உருக்கி விற்பதே இலாபம் என்று கருதுவர்; நாட்டில் நாணயமே இல்லாமற் போகும். ஆகவே அரசாங்கம் நாணயத்தைச் சிறிதாக்கியது. பெரிய வெள்ளிகளைத் திரும்பப் பெற்று உருக்கியது.

1907 முதல் 1909 வரை அச்சிட்ட வெள்ளியின் எடை 20.21 கிராம். தூய்மை முன்போல் 100க்கு 90. முதல் உலகப்போரின்போது வெள்ளி விலை மேலும் உயர்ந்தது. எனவே 1919, 1920ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் வெள்ளி 16.85 கிராமாகச் சுருங்கியது. அதன் தூய்மையும் 100க்கு 50ஆகக் குறைந்தது.

இவற்றிலுள்ள தூய வெள்ளியைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

1903, 1904: 26.95 கிராமில் 24.26 கிராம்.
1907 முதல் 1909 வரை: 20.21 கிராமில் 18.19 கிராம்.
1919, 1920: 16.85 கிராமில் 8.43 கிராம்.

பதினாறே ஆண்டுகளில் ஒரு வெள்ளியில் இருந்த வெள்ளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நாணயத்தின் பெயர் மாறவில்லை. கடையில் அதன் மதிப்பும் மாறவில்லை. பணத்தின் மதிப்பு உலோகத்திலிருந்து விலகி, அரசாங்கத்தின் வாக்கில் போய்த் தங்கியதை இங்கே காண்கிறோம். பின்னர்த் தாள் பணமே எங்கும் பரவியது. சிறு காசுகளிலும் வெள்ளி படிப்படியாகக் குறைந்து, மலாயாவின் 20 காசில் 1939இல் 100க்கு 75ஆகவும், 1943, 1945ஆம் ஆண்டு நாணயங்களில் 50ஆகவும் நின்று, 1948இல் முற்றிலும் மறைந்தது. அதன் இடத்தில் செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தது.

வாக்குப் பொய்த்தபோது

அரசாங்கத்தின் வாக்கு வீழ்ந்தால் தாள் பணம் என்னாகும் என்பதை நம் நாடு ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 1942 முதல் 1945 வரை இந்நாட்டை ஆண்ட ஜப்பானியர் தம் தாள் பணத்தை வெளியிட்டனர். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தமையால் அது ‘வாழைமர நோட்டு’ எனப் பெயர்பெற்றது. அளவின்றி அச்சிடப்பட்ட அப்பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. 1945ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியபோது அது வெறுங்காகிதம் ஆயிற்று. மூட்டை மூட்டையாக வைத்திருந்தோரும் ஒரு படி அரிசி வாங்க இயலவில்லை. வெள்ளி நாணயத்தைச் சேமித்து வைத்திருந்தோர்க்கோ உலோகத்தின் மதிப்பேனும் மிஞ்சியது. நம் பாட்டிமார்கள் வெள்ளிக் காசை எளிதில் வெளியே எடுக்கமாட்டார்கள். அதனைக் கஞ்சத்தனம் என்று சொல்லுதல் தகாது. பட்டறிவு கற்பித்த பாடம் அது.

யானையா, பன்றியா?

நம்மவர் பெட்டிகளில் நீரிணை வெள்ளியோடு இந்திய வெள்ளி ரூபாயும் இருப்பதுண்டு. அதன் எடை 11.66 கிராம், 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 1940 முதல் அதிலும் வெள்ளி பாதியாகியது. 1947இல் ரூபாய் நிக்கலால் ஆனது.

அந்த ரூபாயில் 1911ஆம் ஆண்டுக்கு உரியது ஒரு சுவையான வரலாறு உடையது. ஐந்தாம் ஜார்ஜ் அரசர் அணிந்திருந்த ஆடையின் மேல், அரச விருது மாலையில் கோத்த சிறிய யானை உருவம் ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. யானையின் துதிக்கை மிகக் குறுகியிருந்தமையால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தோன்றியது. இசுலாமியரும் இந்துக்களும் மனம் வருந்தினர். ஏறத்தாழ 94 இலட்சம் நாணயங்கள் அச்சிடப்பட்டிருந்தும், சுமார் 7 இலட்சமே வெளியே சென்றிருந்தன. எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912இல் துதிக்கை நன்கு தெரியுமாறு உருவம் திருத்தப்பட்டது. ஒரு நகத்தளவும் இல்லாத உருவத்தின் பிழையால் கோடிக்கணக்கான மக்களின் மனம் புண்படக்கூடும் என்பதை ஆள்வோர் அன்று கற்றனர். ‘பன்றி ரூபாய்’ என்று பெயர்பெற்ற 1911ஆம் ஆண்டு நாணயத்தைச் சேகரிப்போர் இன்றும் தேடுகின்றனர்.

மதிப்பு மூவகைப்படும்

இனி, பெற்றோர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி. ஒரு பழைய நாணயத்திற்கு மூன்று மதிப்புகள் உள.

முதலாவது, முகமதிப்பு. ‘ஒரு வெள்ளி’ என்று பொறித்திருப்பது அது. இன்று கடையில் அந்த நாணயம் செல்லாது.

இரண்டாவது, உலோக மதிப்பு. இது நாணயத்திலுள்ள தூய வெள்ளியின் எடையை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது. கணக்கிற்காக ஒரு கிராம் வெள்ளி 5 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 1903ஆம் ஆண்டு நாணயத்தின் உலோக மதிப்பு 24.26 × 5 = 121 ரிங்கிட் 30 காசு ஆகும். 1920ஆம் ஆண்டு நாணயத்தின் உலோக மதிப்பு 8.43 × 5 = 42 ரிங்கிட் 15 காசு ஆகும். இரண்டும் பார்வைக்கு வெள்ளிக் காசுகளே, உள்ளடக்கமோ வேறு. வெள்ளியின் விலை நாள்தோறும் மாறுவதால், விற்கும் நாளின் விலையைக் கேட்டறிந்து கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, சேகரிப்போர் மதிப்பு. இது உலோக மதிப்பைவிடச் சற்றே கூடுதலாகவும் இருக்கலாம், பன்மடங்காகவும் இருக்கலாம். இதனை உறுதி செய்வன நான்கு.

ஒன்று, அருமை. 1908ஆம் ஆண்டில் ஏறத்தாழ 41 இலட்சம் வெள்ளிகள் அச்சிடப்பட்டன. 1909ஆம் ஆண்டிலோ ஏறத்தாழ 10 இலட்சமே. ஆகவே ஓராண்டு வேறுபாடு விலையை மாற்றிவிடும். பிரிட்டானியா வெள்ளிகளுள் கடைசியான 1935ஆம் ஆண்டு நாணயம் பெரும்பாலும் உருக்கப்பட்டமையால் கிடைத்தற்கரியது.

இரண்டு, நாணயச் சாலைக் குறி. ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் அச்சிட்ட நாணயங்களுள் ஒன்று மற்றதைவிட அரிதாக இருக்கும். 1903ஆம் ஆண்டு நீரிணை வெள்ளியில் ‘பி’ என்னும் எழுத்து சிலவற்றில் குழிந்தும் சிலவற்றில் மேலெழும்பியும் உள்ளது. மேலெழும்பியது குறைவாகவே கிடைக்கிறது.

மூன்று, நிலைமை. அரசரின் முடியிலும் தலைமயிரிலும் கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா, தேய்ந்து மழுங்கிவிட்டனவா என்று பார்ப்பர். கைபடாத நாணயத்திற்கும் தேய்ந்த நாணயத்திற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. மாலையாகக் கோக்கத் துளையிட்ட நாணயம், வளையம் பற்றவைத்த நாணயம் ஆகியவற்றின் சேகரிப்பு மதிப்பு பெரிதும் குறைந்துவிடும். சில நாணயங்களில் சீன வணிகர்கள் வெள்ளியின் தூய்மையைச் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகள் இருக்கும். அவற்றைச் சிலர் குறையாகவும், சிலர் வரலாற்றுச் சான்றாகவும் கொள்வர்.

நான்கு, வேட்கை. வாங்குவோர் விரும்பினால்தான் விலை. அரிதாயினும் கேட்பாரற்ற பொருள் விலைபோகாது.

போலியை அறிதல்

இக்காலத்தில் பிரிட்டானியா வெள்ளியும் நீரிணை வெள்ளியும் போலியாகச் செய்யப்பட்டு மலிந்துள்ளன. இரவுச் சந்தைகளில் அவற்றைக் குவியலாகக் காணலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. நாணயத்தையும் வாங்குமுன் நிறுத்துப் பார்க்க வேண்டும். 1903ஆம் ஆண்டு வெள்ளியின் அளவிலேயே பித்தளையால் ஒரு போலி செய்தால், அதன் எடை ஏறத்தாழ 22 கிராம்தான் வரும். காரணம், பித்தளையின் அடர்த்தி வெள்ளியைவிடக் குறைவு. பழைய நாணயம் தேய்மானத்தால் சிறிது எடை குறையலாம். ஐந்து கிராம் குறையாது. காந்தம் இழுக்குமாயின் அது வெள்ளியன்று என்பது உறுதி. ஆனால் காந்தம் இழுக்கவில்லை என்பதால் மட்டும் அது வெள்ளி ஆகிவிடாது. பித்தளையையும் காந்தம் இழுப்பதில்லை. விளிம்பின் பற்கள் ஒரே சீராக உள்ளனவா, எழுத்துகள் கூர்மையாக உள்ளனவா என்றும் நோக்குக.

காக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், எம் மாணவி ஒருத்தி வகுப்புக் கண்காட்சிக்கென்று தன் பாட்டியின் 1904ஆம் ஆண்டு வெள்ளியைக் கொண்டுவந்தாள். பளபளவென்று மின்ன வேண்டும் என்னும் ஆர்வத்தில் வீட்டார் அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்திருந்தனர். நாணயம் மின்னியது, ஆனால் அரசரின் முகத்தில் எங்கும் கீறல்கள். குத்துவிளக்கிற்கு உகந்த முறை நாணயத்திற்கு உகந்ததன்று. பழைய வெள்ளியின் மேல் படியும் கருமையைச் சேகரிப்போர் அழுக்காகக் கருதுவதில்லை. காலம் இட்ட முத்திரையாகவே கருதுகின்றனர். அந்தக் கருமையைத் தேய்த்தெடுத்தால் அதனோடு மதிப்பும் போய்விடும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். நாணயத்தைத் துலக்காதீர்கள். விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். விரல் வேர்வை முகப்பில் படக்கூடாது. ஒன்றோடொன்று உராயாவண்ணம் தனித்தனிக் காகித உறையில் இட்டு, ஈரமில்லா இடத்தில் வையுங்கள். இரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள். இரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நாம் பால்மரத்தோடு வாழ்ந்தவர்கள். ஆயினும் இரப்பரும் வெள்ளியும் பகைவர் என்பதை மறவாதீர்கள்!

விற்க வேண்டிய நெருக்கடி வருமாயின், வீட்டு வாசலுக்கு வந்து பழைய சாமான் கேட்போரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். ஆண்டைப் பாருங்கள், எடை போடுங்கள், உலோக மதிப்பைக் கணக்கிடுங்கள். பிறகு இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருந்தால் ஏமாற்றம் நேராது. நிலத்தைத் தோண்டும்போது பழைய நாணயங்கள் கிடைத்தால், அவற்றை மறைத்து வைக்காமல் மாவட்ட அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் அதனைக் கடமையாக்குகிறது. பழைய நாணயங்களை நேரில் காண விரும்புவோர் கோலாலம்பூரில் நம் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவின் அரும்பொருளகத்திற்குச் செல்லலாம்.

முடிவுரை

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. இலயன்களை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. வீடு மாறும்போது முதலில் தொலைவது பழைய பெட்டிதான். அதனுள் இருந்த ஒரு வெள்ளிக் காசு, நம் முன்னோர் இந்நாட்டில் உழைத்து ஈட்டினர் என்பதற்குக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று. அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் காசில் தேய்ந்திருக்கும் அரசரின் முகமோ, எத்தனையோ உழைப்பாளிகளின் கைகள் பட்டுத் தேய்ந்தது.

மாணவர்களே! இன்று வீடு சென்றதும் உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ பழைய காசு உண்டா என்று அன்புடன் கேளுங்கள். இருந்தால் அதன் ஆண்டையும் எடையையும் அதன் மேலுள்ள உருவத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு வந்தது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். உலோகத்தின் விலையை எந்நாளும் கடையில் கேட்டறியலாம். பாட்டி சொல்லும் வரலாற்றை அவர் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

மாணவர்க்குச் சில கணக்குகள்

1. 1904ஆம் ஆண்டு வெள்ளிகள் 5 உள்ளன. அவற்றிலுள்ள தூய வெள்ளி எத்தனை கிராம்?

2. ஒரு தொழிலாளி 1906ஆம் ஆண்டில் 12 வெள்ளியை ஊருக்கு அனுப்பினார். ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா வீதம் அங்கே எத்தனை ரூபாய் கிடைத்திருக்கும்? (16 அணா = 1 ரூபாய்)

3. 60 வெள்ளிக்கு 7 பவுன். 1 பவுனுக்கு 240 பென்ஸ். ஒரு வெள்ளிக்கு 28 பென்ஸ் என்பதைச் செய்து காட்டுக.

— தலைமையாசிரியர்